பார்வை நேரம்

மதியம் இரண்டரைக்கு
எனக்குக் காலை ஒன்பது.
பெருங்குடி, ஆறாவது மாடி.
ஏசிக்குக் கீழே சால்வையைப் போர்த்திக்கொண்டு
அபர்டீன் நகரத்தைத் திறந்துவைக்கிறேன்.

கப்பல் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை.
சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் உண்டு.
டால்ஃபின் பார்க்க, துறைமுக வாய்க்குத் தெற்கே
பழைய பீரங்கி மேட்டில் நிற்க வேண்டும்.
டால்ஃபின் வராவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை,
இதையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

பூங்காவில் ஒரு கண்ணாடி வீடு.
உள்ளே சூடு வைத்துக் கள்ளி வளர்க்கிறார்களாம்.
அதைப் பார்க்க பஸ் பிடித்து வருகிறார்கள்.
பூனை ஏறாமலிருக்க
எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல்
அம்மா வைத்த கள்ளியை நினைத்துக்கொண்டு
"ரொம்ப அழகாயிருக்கும், தவறவிடாதீர்கள்" என்கிறேன்.

ஆறே மாதத்தில் தெருவெல்லாம் மனப்பாடம்.
எந்தச் சரிவில் இறங்கினால் துறை,
எந்த முனையில் திரும்பினால் காற்று முகத்தில் அறையும்.
கனவில் ஒருநாள்
சாம்பல் கல் வீடுகளுக்கு நடுவே
ஷேர் ஆட்டோ தேடி அலைந்தேன்.
நனைந்தால் அந்தக் கல் மினுங்குமாம்.
திரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

எங்கிருந்து பேசுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.
"அங்கே மழையா?" என்று கேட்பார்கள்.
வானிலைக்குத் திரையின் மூலையில் சின்னக் கட்டம்.
தூறல் என்று போட்டிருந்தால் தூறல்.
என் ஜன்னலில்
வெயில், குப்பைமேட்டுப் புகை.
"குடை எடுத்துக்கொள்ளுங்கள்."

போன வியாழன் ஒரு குரல்.
பெயர் மோராக், வயது எண்பத்திரண்டு,
கேட்காமலேயே சொன்னார்.
இப்போது கனடாவில், மகன் வீட்டில்.
நேரம் கேட்கவில்லை, வழி கேட்கவில்லை.
"மீன் ஏலம் விடுகிற பக்கம்
இன்னும் அந்த நாற்றம் வருமா?"

தேடினேன்.
கார் நிறுத்தம், கழிப்பறை, காபிக் கடை.
நாற்றத்துக்குத் தலைப்பு இல்லை.
கிருபாகரன் சார் தூரத்திலிருந்து
மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார்:
நாலு நிமிஷம் தாண்டினால் சிவப்பு.

காசிமேட்டில் வளர்ந்தவள் நான்.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்:
வரும். விடியலுக்கு முன்னே டீசல்தான் முதலில்.
அப்புறம் ஐஸ், ஐஸுக்கும் ஒரு வாசனை உண்டு.
பிறகு கூடை கழுவிய தண்ணி,
செதில் ஒட்டிக் காய்ந்த தரை.
வெயில் ஏற ஏற அதுவும் ஏறும்.
வீட்டுக்கு வந்த பிறகும் முடியில் இருக்கும்,
எலுமிச்சை தேய்த்தாலும் போகாது.

மறுமுனையில் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "வெயிலா?" என்றார்.
"எங்கள் ஊரிலா?"

சிரித்தாரா, மூக்கைச் சிந்தினாரா, தெரியவில்லை.
"நீ எந்தத் துறைமுகம், பெண்ணே?"
சொல்லக் கூடாது என்பது விதி.
சொன்னேன்.
அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றார்.

தினம் நூறு பேருக்கு ஊர் காட்டுகிறவள்.
சட்டென்று ஒன்றும் வரவில்லை.
கலங்கரை விளக்கம் இருக்கிறது,
லிஃப்டிலேயே போகலாம்,
மேலேயிருந்து கடல் மொத்தமும் தெரியும் என்றேன்.
நான் ஏறியதில்லை என்பதைச் சொல்லவில்லை.
"எனக்காக ஒருமுறை பார்த்துவிடு" என்று வைத்துவிட்டார்.
எட்டு நிமிஷம். சிவப்பு.

இன்று எனக்கு வார ஓய்வு.
தண்டையார்பேட்டையிலிருந்து
பஸ்ஸில் நின்றபடியே வந்து
மெரினாவில் இறங்கி, செருப்பு மணலை உதறி,
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட
கோபுரத்தின் கேட்டுக்கு வந்தால்
பூட்டு.

நிழலில் உட்கார்ந்து
தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த காவலாளி
கையை எடுக்காமலே சொன்னார்:
"திங்கக்கிழமை லீவும்மா.
வர்றதுக்கு முன்னாடி
யாருக்காவது ஒரு போன் பண்ணிக்
கேட்டிருக்கலாம்ல?"